தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே

முடி அலங்காரக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எதிரே கண்ணாடி; நாள் முழுக்க தன்னையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சின்னவள் பதினெட்டு வருடமாக அப்படி நின்றவள். வீட்டில் இளையவள் என்பதால் வந்த பெயர் கடையிலும் ஒட்டிக்கொண்டது. ஆள் ஒன்றும் சின்னவள் இல்லை, நூற்றுப் பத்து கிலோ.

சர்க்கரை எகிறி, டாக்டர் மிரட்டிய பிறகு, இரண்டு வருடம் வாயைக் கட்டி நாற்பத்தைந்து கிலோ குறைத்தாள். உடம்பு இளைத்தது, தோல் இளைக்கவில்லை. டிரையர் பிடிக்கக் கையைத் தூக்கினால் மேல்கைத் தோல் தொங்கி, அந்தக் காற்றிலேயே ஆடியது. "நான் கைய தூக்கினா போதும், ஃபேன் எதுக்கு?" என்பாள். மற்றவர்கள் சொல்வதற்குள் முந்திக்கொள்வது அவள் வழக்கம்.

ஒருநாள் ஒரு கல்யாணப் பெண், தனக்குக் கொண்டை போடுவதை வீடியோ எடுத்து இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டாள். அவள் முகத்துக்குப் பக்கத்தில் சின்னவளின் கை வந்து வந்து போனது. 'பின்னாடி தொங்குறது என்ன, வௌவாலா?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்கு முன்னூறு சிரிப்புப் பொம்மைகள். இதைச் சின்னவளால் வேடிக்கையாக்க முடியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறு வாரம் அறுவை மருத்துவர் அவள் கையில் அக்குளிலிருந்து முழங்கை வரை பேனாவால் கோடு இழுத்தார்.

"இந்த அளவுக்குத் தோலை எடுத்துட்டுத் தைப்போம். தழும்பு நிக்கும்மா. நாளாக ஆக மங்கும், ஆனா போகாது."

அவள் காதில் 'மங்கும்' மட்டும்தான் விழுந்தது.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தனியாக இருப்பவள் என்ன செய்வாள்? அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து, தங்கைக்குத் தலை அலசி, சட்டை மாட்டி, சோறு வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். பத்தாம் நாள் வலது அக்குளில் தையல் விட்டு நீர் கசிந்தபோது, தங்கையை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனதும் அவள்தான்.

ஒரு சாயங்காலம் தலை துவட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்: "ஏன்டி, முன்னாடி தொங்கினப்ப வலிச்சுதா?"

"வலியெல்லாம் இல்லக்கா. அசிங்கமா இருந்துச்சு. எனக்கே பாக்கப் பிடிக்கல."

துண்டு நின்றது. அக்காவின் கை சின்னவளின் கண்ணெதிரே இருந்தது. அம்மாவுக்கும் இருந்த அதே கனத்த, தளர்ந்த கை.

"அப்ப என் கை?"

"ஐயோ, உன்னைச் சொல்லலக்கா."

"என்னைச் சொல்லலதான்."

அக்கா மிச்சத்தையும் துவட்டி, சிக்கெடுத்து, பின்னலும் போட்டுவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். பேச்சு மட்டும் சுருங்கிப்போனது. ஆறு வாரம் முடிந்ததும் வருவதும் நின்றது.

மூன்று மாதத்தில் சின்னவள் கடைக்குத் திரும்பினாள். "கை சூப்பரா இருக்கு!" என்றார்கள். சட்டையோடு பார்த்தால் சூப்பர்தான். உள்ளே தழும்பு கயிறு மாதிரி தடித்து, கருஞ்சிவப்பாக எழும்பியிருந்தது. ஊசி போட்டும் அடங்கவில்லை. முழுக்கைச் சட்டையை அவள் விடவே இல்லை.

மனம் கேட்காமல் ஒரு மதியம் சலவைக்கூடத்துக்குப் போனாள். ஆவிக்கு நடுவில் அக்கா விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"என்னக்கா, இந்தப் புழுக்கத்துல?"

"ஆவி அடிக்குது. கை சுடுது."

முப்பது வருடமாக அரைக்கைச் சட்டையில் நின்றபோது சுடாத ஆவி! சின்னவள் அவளை அலமாரிகளுக்குப் பின்னால் இழுத்துப்போய், தன் சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, தடித்த பிறகு மருத்துவர் தவிர யாரும் பார்க்காத தழும்பைக் காட்டினாள். அக்கா மேலிருந்து கீழே விரலால் தடவினாள்.

"வலிக்குதாடி?"

"நீ தொடுறதே தெரியலக்கா."

அக்கா அழுத்திப் பார்த்தாள். "இப்ப?"

"இல்ல."

அக்காவின் முகம் கோணியது. தங்கையின் சட்டையை இழுத்துவிட்டு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"ராத்திரி வீட்டுக்கு வா, சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு இஸ்திரி மேசைக்குப் போனாள். தன் சட்டைக் கையை அவள் மடிக்கவில்லை. மடிக்கச் சொல்லச் சின்னவளுக்கு வாய் வரவில்லை.