நாலாவது தடவை

ஆயுள் காப்புறுதி விற்பவள் வாசலில் நின்றால், அவளுக்குப் பின்னால் சாவும் செருப்பைக் கழற்றுகிறதா என்றுதான் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பட்டம் முடித்த எனக்குக் கண்டியில் கிடைத்த வேலை இதுதான். ஆறு மாதத்தில் பத்துப் பேரைச் சேர்த்தால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். நானோ, பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவள்.

ஆறிய டீ

திகனயில் ஒரு ஹார்ட்வெயார் கடை. முதலாளி ஹாஜியார் எனக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, நான் தடுமாறிச் சொன்ன அத்தனையையும் குறுக்கிடாமல் கேட்டார். பாதியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். “ஆயுசு, ஹயாத்து எல்லாம் அல்லாஹ்ட கையில மகள். டீ ஆறுது, குடிங்க.”

ஏதாவது நடந்தால்

‘சாவு’ என்று சொல்லக் கூடாது, ‘ஏதாவது நடந்தால்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் பழக்கியிருந்தார்கள். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை வாசலில், சாப்பாட்டு நேரத்தில், அப்படியே ஒப்பித்தேன். “ஏதாவதுன்னா என்ன மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் ஃபைலைப் புரட்டத் தொடங்கினேன். அவள் சோற்றுப் பார்சலை மடித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்களே சொல்லப் பயப்படுறத நாங்க எப்படி மிஸ் வாங்குறது?”

அடுத்த மாதம்

ஐந்தாம் மாதம் மூன்று பேர்தான் சேர்ந்திருந்தார்கள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், செல்வமணி அக்கா என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தேன் என்று ஒரு தடவை, வெள்ளிக்கிழமை வந்தேன் என்று ஒரு தடவை.

மூன்றாவது தடவை அவர் புருஷன் முருகேசு அண்ணன் இருந்தார். ஃபைலை வாங்கிப் பார்த்தார். போடலாம் போலத்தான் பேசினார். அப்போதே பேனாவை நீட்டியிருக்க வேண்டும், கூச்சமாக இருந்தது. அவர் நாள் தள்ளிப் போட்டதும், உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. “தீவாளி முடியட்டும் தங்கச்சி. அடுத்த மாசம் வாங்க, கண்டிப்பா போடுறோம்.”

வாடகைக் கதிரைகள்

தீபாவளி முடிந்து போனேன். லயத்து வாசலில் வாடகைக் கதிரைகள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் முருகேசு அண்ணனைக் குளவி கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். ஃபைலைப் பைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் பெயரை எழுதச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அந்தக் கதிரைகளிலேயே ஏழு பேர் கையெழுத்து வைத்தார்கள். யாருக்கும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுந்தபோது செல்வமணி அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலில் கோபம்கூட இல்லை. “அன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிவாதமா நின்னிருக்கலாமே மிஸ்.”

வேலை நிரந்தரமாகிவிட்டது; விடாமல் நாலு தடவை போய் ஜெயித்த கதையைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லச் சொல்கிறார்கள், நான் மூன்றாவது தடவையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.