முதல் கிளிக் போணி

நான் பத்தாவது வரை படித்தவன். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதை வைத்துத் திருவனந்தபுரத்தில், சாலை என்ற கடைத்தெருவில், ஒரு முதலாளியிடம் வேலை கிடைத்தது. அவருக்கு அங்கே இரும்புக்கடை. கல்லாற்றில், பொன்முடி மலைக்கு ஏறும் வழியில், ஒரு சின்ன லாட்ஜ். அந்த லாட்ஜுக்கு இன்டர்நெட்டில் வரும் விளம்பரத்தைக் கவனிப்பது என் வேலை. பிள்ளைகளே, நீங்கள் இருவரும் அப்போது கைக்குழந்தைகள்.

யாராவது பொன்முடியில் தங்க இடம் தேடினால், திரையின் ஓரத்தில் நம் விளம்பரம் மூன்று வரியில் வரும். அதை ஒருவர் கிளிக் செய்தால் நம் கணக்கிலிருந்து காசு போகும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தோம். அது தீர்ந்துவிட்டால் மறுநாள் வரை விளம்பரம் யார் கண்ணிலும் படாது.

"பூஜா லீவு வரைக்கும் பாப்பேன். ரூம் நிறையலேன்னா லாட்ஜைப் பூட்டிருவேன். பின்னே உனக்கும் ஜோலி இல்லை, கேட்டியா?" என்றார் முதலாளி.

வரம்பு தினமும் காலை பத்து மணிக்கே தீர்ந்தது. கிளிக்குகள் எல்லாம் திருவனந்தபுரத்திலிருந்தே வந்தன. ஒரு போன்கூட வரவில்லை. விளம்பரத்தின் வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். பலனில்லை.

ஒருநாள் சீக்கிரமே கடைக்குப் போனேன். முதலாளி சாமி படத்துக்கு விளக்கேற்றினார். கம்ப்யூட்டரில் நம் விளம்பரத்தைத் தேடி எடுத்தார். மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளிக் செய்தார்.

"மொதலாளி, என்ன இது?"

"போணிடே. முதல் கிளிக் நம்ம கையால விழணும். அரிசிக்கடை மச்சான், துணிக்கடைச் சித்தப்பா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஆளுக்கு அஞ்சாறு தடவை அமுக்குறாங்க, பாவம்."

"ஒவ்வொரு தடவையும் நம்ம காசுல்லா போகுது!"

விளக்கிச் சொன்னேன். தான் மட்டும் நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். "நல்ல மனசோட செய்யறவங்களை வேண்டாம்னு எப்படிடே சொல்றது? அபசகுனம் அல்லே?"

அவரிடம் கேட்காமலே, நம் ஊரில் மட்டும் விளம்பரம் தெரியாதபடி அமைப்பை மாற்றினேன். இரண்டாம் நாளே சென்னையிலிருந்து விசாரித்தார்கள். பெங்களூர்க் குடும்பம் ஒன்று பூஜா விடுமுறைக்கு இரண்டு அறை பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் முதலாளி சத்தம் போட்டார். "விளம்பரத்தையே காணோமாம்! லாட்ஜை வித்தாச்சான்னு மச்சான் கேக்கான். சாலை முழுக்க என் மானம் போகுது."

"பெங்களூர்லேர்ந்து ரூம் பிடிச்சிருக்காங்களே, மொதலாளி."

"அவங்க சும்மாவே வந்திருப்பாங்கடே. நீ பழையபடி ஆக்கு."

எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்று பயந்தேன். என் கையாலேயே பழையபடி மாற்றினேன். மறுநாள் பத்து மணிக்கு வரம்பு தீர்ந்தது. அதற்கப்புறம் போனே இல்லை.

பூஜா விடுமுறைக்கு அந்த இரண்டு அறைகள்தான் நிறைந்தன. லாட்ஜைப் பூட்டிய அன்று விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"சாரமில்லைடே, விடு. நம்ம நேரம் சரியில்லை," என்றார். நேரத்தில் ஒரு குறையும் இல்லை. அதை அப்போதும் நான் சொல்லவில்லை.

பிறகு நான்கு ஆபீஸ்களில் ஏறி இறங்கினேன். எல்லோரும் டிகிரி கேட்டார்கள். கடைசியில் ஒரு பருப்பு மண்டியில் மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். உங்களுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் நீங்கள் பார்த்த அப்பா அந்த மூட்டைகளுக்கு அடையாளம் போடுகிறவன்தான்.