மூன்று முதலாளிகள், ஒரு பஸ்

போன வாரம் பாகலூர் ரோட்டில் என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. விடியற்காலை வேளை. வீட்டு விசேஷத்துக்குத் தோட்டத்திலேயே போய் ரோஜா வாங்கினால் மலிவு என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பியது என் தப்பு. தலையில் மஃப்ளர், கையில் பூக்கூடை, எதிரே உயிர் போன வண்டி... ஓசூர்க் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஒரு வெள்ளை பஸ் வந்து நின்றது.

"ஆண்ட்டி, வண்டியை டீக்கடையில விட்டுட்டு ஏறுங்க! நாங்க ஓசூர்ல எறக்கி விடறோம்!"

உள்ளே முழுக்க நீலக் கோட்டு போட்ட பெண்கள். முன் சீட்டில் தெலுங்கு, நடுவில் கன்னடம், பின்னால் தமிழ். மூன்றிலும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த பஸ் எனக்குப் பழக்கம்தான். எங்கள் ஊரில் ஃபேக்டரி பஸ் என்றால் முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் கம்பெனி பெயரை எழுதிவைத்திருப்பார்கள். இதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. காரணம், இதற்கு மூன்று முதலாளிகள். யார் பெயரை முதலில் எழுதுவது என்று அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை!

ஜன்னலோரம் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் ஃபேக்டரியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். வழக்கமாக அந்த பஸ்ஸில் அதிகச் சத்தம் அவளுடையதுதான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல ஆண்ட்டி. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க."

"பொண்ணு பார்க்கவா? நல்ல விஷயம்தானே!"

"பொண்ணு பாக்கறது முடிஞ்சு போச்சு. இப்ப ஃபேக்டரி பாக்க வர்றாங்க."

ஃபேக்டரி பார்க்கவா? பெண் சமைக்குமா, பாடுமா என்று பார்க்க வருவார்கள். பெண் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க யாராவது வருவார்களா?

வருவார்கள். அதற்கு முன்னால் நடந்த கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளிர் தினத்தன்று, எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை முதலாளிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். எல்லாம் மின்சாரம் சம்பந்தப்பட்ட தொழில். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கன்ட்ரோல் பேனல். தினமும் கரண்ட் கட் ஆகிக்கொண்டிருந்த காலம். நமக்கு வியர்த்தது, அவர்களுக்கு ஆர்டர் குவிந்தது.

என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை முழுக்க ஆண்கள். பெண்மையின் பெருமையைப் பற்றி ஆளுக்கொரு உரை. குத்துவிளக்கு ஏற்ற மட்டும் பத்மாவதி மேடத்தை அழைத்தார்கள். சேலத்துக்காரர். கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியைச் சொந்தமாக நடத்துபவர். சுவிட்ச்போர்டு மாதிரி கறாரான ஆள்... தொட வேண்டிய இடத்தில்தான் தொட வேண்டும்.

விளக்கை ஏற்றிய கையோடு மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்வி. இங்க இருக்கறவங்க ஃபேக்டரியில, மெஷின்கிட்ட நின்னு வேலை செய்யற பொண்ணுங்க எத்தனை பேரு?"

ஆளாளுக்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. ஜெனரேட்டர் கம்பெனி நாகராஜ். இந்த மண்ணுக்காரர், தெலுங்கு வீடு, மனசில் பட்டதை அப்படியே சொல்கிறவர்.

"எங்கிட்ட ரெண்டு பேர் இருக்காங்க மேடம்."

"பரவாயில்லையே! என்ன வேலை?"

"கூட்டறதுக்கு."

சிரித்துச் சிரித்து எனக்குப் பொன்னாடை நழுவியது. பத்மாவதி மட்டும் சிரிக்கவில்லை.

"பசங்களுக்குத் தொழில் கத்துக்கொடுத்தா அவங்க அடுத்த மாசமே பெங்களூருக்குப் பஸ் ஏறிடறாங்க. ஆள் இல்ல, ஆள் இல்லன்னு நாம கத்தறோம். பாலிடெக்னிக்ல எலெக்ட்ரிகல் முடிச்ச பொண்ணுங்க வீட்ல உக்காந்து பூ கட்டிக்கிட்டிருக்காங்க. நமக்குக் கண்ணு தெரியலையா?"

கவனித்தீர்களா? நியாயம், தர்மம், சமத்துவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்கு ஆள் வேண்டுமா, வேண்டாமா?" அவ்வளவுதான். முதலாளிகளுக்கு அந்த பாஷை சட்டென்று புரிந்தது.

கூட்டம் முடிந்து பத்மாவதியின் ஆபீஸ் அறையில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தார்கள். பத்மாவதி, நாகராஜ், டிரான்ஸ்ஃபார்மர் ஃபேக்டரி சுந்தரேசன். நான் சாப்பாட்டுக்காகத் தங்கியிருந்தேன், மறைப்பானேன்!

நாகராஜும் சுந்தரேசனும் பேசிக்கொள்ளாதவர்கள். ஒருவருடைய ஃபோர்மேனை இன்னொருவர் இழுத்துக்கொண்டார் என்று பழைய கோபம். ஆகவே இருவரும் பத்மாவதியைப் பார்த்தே பேசினார்கள்.

"நானும் ஒரு பொண்ணை எடுத்துப் பார்த்தேன் மேடம். ஒரே வாரத்துல நின்னுட்டா. முதல் ஷிஃப்ட்டு ஆறு மணிக்கு. அந்நேரத்துக்கு அவ ஊர்லேர்ந்து பஸ் இல்ல" என்றார் சுந்தரேசன்.

"ஒருத்திய மட்டும் எடுத்தா நிப்பாளா சார்? அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல யார்கிட்ட பேசுவா? மூணு பேரும் ஒரே சமயத்துல எடுப்போம். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு பஸ் விடுவோம். சும்மா கணக்கு எழுதவும் பெட்டி கட்டவும் உக்கார வைக்கக் கூடாது, தொழில் குடுக்கணும். அதை மாசா மாசம் ஒருத்தர் ஃபேக்டரியை இன்னொருத்தர் வந்து பாக்கணும்."

நாகராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதி காது மேடம், அது இல்ல! ஒரே பஸ்ஸுல போனா எங்க வீட்டுக் கதை எல்லாம் அவங்க வீட்டுக்குப் போயிடுமே!"

"போகட்டும்" என்றார் பத்மாவதி.

அடுத்த ஞாயிறு மூவரும் ஒரே காரில் பாகலூருக்குப் புறப்பட்டார்கள். பெண்களைப் பெற்றவர்களிடம் பேச வேண்டும். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழி நெடுக யாரும் பேசவில்லை. நான்தான் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

முதல் வீடு மஞ்சுளாவுடையது. அப்பா முனிராஜ், ரோஜாத் தோட்டக்காரர். பாலிடெக்னிக் முடித்த மஞ்சுளா அப்பாவின் பூக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட்டுன்னா வெளையாட்டு சமாச்சாரமா சாமி? எங்க ஊரு லைன்மேனே பயந்துக்கினு கம்பம் ஏறறான்" என்றார் முனிராஜ். "அதுவும் மூணு மொதலாளிங்க சேர்ந்து வந்திருக்கீங்கோ. எங்க பொண்ணு யார்கிட்ட வேல செய்யணும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்கள் யோசிக்கவே இல்லை!

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நாகராஜ் கட்டிலில் முனிராஜுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தெலுங்கில் ஆரம்பித்தார். பிறகு எங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழுக்கு வந்தார்.

"உங்க பொண்ணு படிச்ச படிப்புக்கு இதோ இருக்காரே, இவர் ஃபேக்டரிதான் சரி. எனக்கும் இவருக்கும் ஆகாது. டீ வாங்கிக் குடுக்கவே யோசிக்கற மனுஷன். ஆனா ஒண்ணு சொல்றேன், வேலை செய்யறவங்க உயிர் விஷயத்துல கணக்குப் பார்க்க மாட்டார். என் பொண்ணா இருந்தா நான் இவர்கிட்டத்தான் அனுப்புவேன்."

சுந்தரேசன் கீழே குனிந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். நீண்ட நேரம் சரிசெய்தார்.

உள்ளேயிருந்து மஞ்சுளாவின் அம்மா கேட்டார்: "பொம்பளைங்களுக்கு பாத்ரூம் இருக்குதாங்கோ?"

சுந்தரேசன் நிமிர்ந்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்லம்மா. கட்டிட்டு வந்து கூப்பிடறேன்."

சொன்னபடி கட்டினார். கட்டி முடித்த பிறகு மறுபடி நேரில் போய் அழைத்தார். மஞ்சுளா வேலையில் சேர்ந்தாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவிலிருந்து இன்னும் சிலர். பஸ் ஓட ஆரம்பித்தது.

நாகராஜ் பயந்தது அப்படியே பலித்தது. வீட்டுக் கதை வெளியே போயிற்று. ஆனால் எந்தக் கதை தெரியுமா? பாத்ரூம் கதை! "எங்க பாத்ரூம்ல கண்ணாடி இருக்குது." "எங்களுக்கு வெந்நீர் வருது." "எங்க மேடம் உக்கார ரெஸ்ட் ரூமே கட்டிட்டாங்க." மறுநாள் காலையில் அவரவர் மானேஜரிடம் மனு. கண்ணாடி இல்லாத இடத்தில் கண்ணாடி வந்தது. வெந்நீர் இல்லாத இடத்தில் ஹீட்டர் வந்தது. எந்தச் சட்டம் போட்டிருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்கும், சொல்லுங்கள்?

மாதாந்தர மேற்பார்வை இன்னும் தமாஷ். முதல் மாதம் நாகராஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஃபேக்டரிக்குப் போனார். அங்கே டெஸ்டிங் இன்சார்ஜ் கதிர்வேல், விருதுநகர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் பயம். "எதுக்குத்தா வம்பு? நீ பாட்டுக்கு ரீடிங் எழுது" என்று மஞ்சுளாவை ஓரமாக உட்காரவைத்திருந்தார். நாகராஜுக்கு லாட்டரி அடித்த சந்தோஷம். "ஆஹா! பேச்சு இது இல்லையே!" என்று அங்கிருந்தே பத்மாவதிக்குப் போன் போட்டார்.

அவமானப்பட்ட சுந்தரேசன் மறுநாளே மஞ்சுளாவை டெஸ்ட் பேனல் முன்னால் நிறுத்தினார். அடுத்த மாதம் ஜெனரேட்டர் கம்பெனிக்குத் தாமே போய், அங்கே பெண்கள் பேக்கிங் பண்ணுவதைக் கண்டுபிடித்து, பழிக்குப் பழி வாங்கினார். அடுத்த வாரமே அந்தப் பெண்கள் இன்ஜின் பக்கம் போனார்கள்.

நல்ல காரியம் செய்ய நட்பு வேண்டும் என்கிறார்கள். எனக்கென்னவோ கொஞ்சம் ஆரோக்கியமான பொறாமையே போதும் என்று தோன்றுகிறது!

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

மாப்பிள்ளை சீனிவாஸ், எல்லைக்கு அந்தப் பக்கம் சர்ஜாப்பூர் அருகே ஊர். பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும் டெம்போ சொந்தமாக வைத்திருக்கிறார். பையனுக்கு மஞ்சுளாவைப் பிடித்திருந்தது. அவர் அம்மா கௌரம்மாவுக்கும் பிடித்திருந்தது, வேலையைத் தவிர. "மருமகள் கரண்ட் மெஷின் முன்னால் நிற்பதா? கல்யாணத்துக்கு அப்புறம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். முனிராஜும் சரி என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

மஞ்சுளா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஒரு வாட்டி வந்து பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

எவ்வளவு பெரிய பந்தயம் பாருங்கள்! அதனால்தான் பஸ்ஸில் அப்படி உட்கார்ந்திருந்தாள்.

கௌரம்மாவுக்குக் கன்னடம் மட்டும்தான். எனக்கு அரைகுறையாக வரும் என்பதால் பத்மாவதி என்னையும் கூப்பிட்டார். போனால், மூன்று முதலாளிகளும் வாசலில் நிற்கிறார்கள்!

"இவ நின்னுட்டா, அடுத்து நிச்சயமாகற ஒவ்வொரு பொண்ணும் நின்னுடும்" என்று காதில் கிசுகிசுத்தார் பத்மாவதி. அவர் குரலில் நான் பயத்தைக் கேட்டது அன்றைக்குத்தான்.

டெஸ்டிங் பகுதியைச் சுற்றிக் கம்பிவலை. அதற்கும் வெளியே ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கௌரம்மா, மாப்பிள்ளை, முனிராஜ், மூன்று முதலாளிகள், நான். உள்ளே ஆள் உயர டிரான்ஸ்ஃபார்மர். மஞ்சுளா ஹெல்மெட்டும் கையுறையுமாகப் பேனல் முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கு சுழன்றது. "எல்லாரும் வெளிய!" என்று குரல் கொடுத்து ஹாரனை அலறவிட்டாள். அக்கம்பக்கத்தில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும், கதிர்வேல் உட்பட, கயிற்றுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

சம்பந்தி வீட்டாருக்கு விளக்கிச் சொல்லும் உற்சாகத்தில் சுந்தரேசன் கயிற்றைத் தூக்கி உள்ளே ஒரு காலை வைத்துவிட்டார்.

மஞ்சுளா ஹாரனை நிறுத்தினாள்.

"சார், வெளிய வாங்க."

"ஒரு நிமிஷம்மா, இவங்களுக்கு இதை மட்டும்..."

"இல்ல சார். நீங்க வெளிய வந்தாத்தான் ஆன் பண்ணுவேன்."

சுந்தரேசன் காலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முகம். நாகராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

கௌரம்மா என் முழங்கையை இடித்தார். "யார் அவர்?"

"இவர்தான் முதலாளி."

"முதலாளியா? அவரே இவள் பேச்சைக் கேட்கிறாரா?"

"கேட்டுத்தான் ஆகணும். அந்தக் கயிற்றுக்குள்ளே அவள் வைத்ததுதான் சட்டம்."

டெஸ்ட் நடந்தது. ஒரு உறுமல், சில முள் அசைவுகள், மஞ்சுளாவின் நிதானமான கை. முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றி முழுக்க வியர்வை. வந்து நின்றாள்.

சுந்தரேசன் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அதை நாகராஜ் வியப்போடு பார்த்தார். கௌரம்மா டீயை ஆற்றி, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்வரை எங்கள் டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார். என் அரைகுறைக் கன்னடத்தில் புரிந்தவரை எழுதுகிறேன்:

"எங்கள் வீட்டில் மூன்று ஆண்கள். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால்கூட ஒருவன் எழுந்து வருவதில்லை. இங்கே இவள் ஒரு வார்த்தை சொன்னால் இத்தனை ஆண்கள் வரிசையாகப் போய் நிற்கிறார்கள். இந்த வேலையையா நான் விடச் சொன்னேன்? எனக்கென்ன பைத்தியமா!"

மஞ்சுளா சிரித்துக்கொண்டே அழுதாள். முனிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். பத்மாவதி மேடம் ஜன்னல் பக்கம் போய்விட்டார்... வெளியே ஒன்றுமே இல்லை, காம்பவுண்டு சுவர்தான்.

உடனே அடுத்த பிரச்சினை. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் இருக்கப்போவது கர்நாடகத்தில். நம் பஸ் எல்லை தாண்ட வேண்டுமானால் அங்கேயும் பர்மிட் வேண்டும். நாகராஜும் சுந்தரேசனும், பேசிக்கொள்ளாதவர்கள் என்று சொன்னேனே, அதே இருவரும், பர்மிட் யாரிடம் வாங்குவது என்று ஒரு மேஜையில் தலையோடு தலை வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்:

"பர்மிட்டெல்லாம் வேணாம் சார். காலையில பார்டர் வரைக்கும் நானே கொண்டாந்து வுட்டுடறேன். பூ வண்டிக்காக எப்படியும் அந்நேரத்துக்கு எந்திரிக்கணும்."

மஞ்சுளா அப்போதுதான் அவரை நிமிர்ந்து, நேராக, நன்றாகப் பார்த்தாள். பெண் பார்க்கிற படலத்தில் மாப்பிள்ளை பார்க்கிற கட்டம் ஒருவழியாக முடிந்தது.

ஒரு பெண்ணை மின்சாரத் தொழிலுக்குள் கொண்டுவர மூன்று முதலாளிகள் கைகோக்க வேண்டியிருந்தது. அவள் அதை விடாமல் இருக்க, ஒரே ஒரு மாமியார் போதுமாக இருந்தது!