பதில் சொல்லாத மாமா

எங்கள் மாமாவிடம் ஒரு நேரான பதில் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. "சாப்பிட்டியாடா?" என்று அம்மா கேட்டால், "என்ன கறி அக்கா?" என்பார். "எத்தனை மணிக்கு வருவாய்?" என்றால், "ஏன், எங்கையும் போகப் போறீங்களோ?" என்பார். சாதாரண காலமாக இருந்தால் இதை ஒரு குணம் என்று விட்டுவிடலாம். அது யுத்த காலம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று போட்ட அடையாள அட்டையோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் இளந்தாரி மறுமொழி சொல்லாமல் திரிந்தால், கூடப் பிறந்தவளுக்கே நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வவுனியாவில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவரை ஏதோ பயிற்சிக்கென்று கொழும்புக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் ஒரு மாடி வீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அன்ரி. வெளியிலிருந்து வருகிற தமிழர் பதிய வேண்டும் என்பதால், மாமா வந்த அன்றைக்கே அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் பதிந்துவிட்டு வந்தார். அத்தோடு பயம் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மாமா விடியவே வெளிக்கிட்டுப் போவார். பின்னேரம் வரும்போது களிசானில் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து கிடக்கும்.

"கொழும்பில உனக்கு எங்கையடா இவ்வளவு சேறு?" என்று அம்மா ஒருநாள் களிசானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன நிறச் சேறு எண்டு பாத்தனீங்களே அக்கா?" என்றார் மாமா.

அம்மா களிசானை வாளிக்குள் எறிந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். இது பொம்பிளை விஷயம், யாரோ சிங்களப் பெட்டையின் ஊருக்குப் போய் வருகிறான் என்பது அம்மாவின் முடிவு. அப்பா அப்படி நினைக்கவில்லை. அவர் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தார். கேள்விக்கு 'ஓம்' அல்லது 'இல்லை' என்ற இரண்டு பதில்தான் உலகத்தில் உண்டு என்று நம்புகிற மனுசன். இவன் இயக்கத்தோடு தொடர்பு, சேறு எங்கேயோ எதையோ மண்ணுக்குள் தாட்டதால் வந்த சேறு என்று அவர் அம்மாவின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது. வீட்டுக்கார அன்ரி இன்னும் ஒரு படி மேலே போனார். காலி வீதியில் ஒரு ஜீப் மாமாவை ஏற்றிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் கண்டாராம். அதனால் மாமா தலையாட்டிதானாம், முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற ஆளாம். ஒரே மனுசன் ஒரே கிழமைக்குள் காதலனாகவும் போராளியாகவும் துரோகியாகவும் ஆகிவிட்டார். பாவம், அது அவருக்கே தெரியாது.

இதற்கெல்லாம் மேலே போத்தல்கள். பல்கனியில் ஜாம் போத்தல்களை வரிசையாக வைத்து, மூடிக்குப் பதிலாக நுளம்பு வலைத் துண்டைக் கட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நெற்பயிர், கொஞ்சம் தண்ணீர், சில பூச்சிகள். அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். எனக்கோ அங்கேதான் குடியிருப்பு.

"மாமா, இது என்ன?" என்று ஒரு போத்தலைக் காட்டிக் கேட்டேன்.

"நீ என்ன நினைக்கிறாய்?"

"சிலந்தி."

"என்ன செய்துகொண்டு இருக்குது?"

நான் முகத்தைப் போத்தலோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். சிலந்தி ஒரு மண்ணிறப் பூச்சியைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. "சாப்பிடுது!" என்று கத்தினேன். மாமாவின் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே, ஏதோ நான்தான் சிலந்தியைப் படைத்தவள் மாதிரி.

அன்றைக்குத்தான் அவர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். ஹொரணைப் பக்கம் ஒரு வயலில் பள்ளிக்கூடம் நடக்கிறது, அங்கே போகத்தான் விவசாயக் கந்தோர் ஜீப். படிக்கிறவர்கள் சிங்களக் கமக்காரர்கள். கிழமைக்கு ஒருநாள் காலையில் வயலுக்குள் இறங்கி, பயிரில் இருக்கிற பூச்சிகளைப் பார்த்து, எது பயிரைத் தின்கிறது, எது அந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தாங்களே பிரித்தெடுத்து, மருந்து அடிக்கத்தான் வேண்டுமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். மற்ற நாட்களில் மாமா பூச்சி பிடித்துப் போத்தலில் விட்டுப் பார்த்துத் தன்னைத் தயார்செய்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் சட்டம், படிப்பிக்கிறவர் பதில் சொல்லக் கூடாது.

"நான் பூச்சியின்ரை பேரைச் சொன்னா கமக்காரர் உடனே என்ன மருந்து அடிக்கிறது எண்டு கேப்பினம். சிலந்தியும் சேந்து சாகும். அதாலை கேள்விக்குக் கேள்விதான். வீட்டிலையும் பழகச் சொல்லியிருக்கினம், வாயிலை ஊற வேணுமாம்."

மாமாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. வயலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை மட்டும் ஒரு சிங்கள உத்தியோகத்தரிடம் படித்து வந்து, முகம் வழிக்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினார். ஒயா மொக்கத ஹித்தன்னே, நீ என்ன நினைக்கிறாய். கொஹெந்த ஹம்பவுனே, எங்கே கண்டெடுத்தாய். மொனவத கெரெ கெரெ ஹிட்டியே, என்ன செய்துகொண்டிருந்தது. நானும் கூடவே சொல்லிச் சொல்லி எனக்கும் பாடமாகிவிட்டது.

நான் ஓடிப்போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன்.

"பூச்சி பாக்கிறதுக்கு அரசாங்கம் ஜீப் விடுமோ?" என்றார் அப்பா. "பிள்ளையின்ரை காதிலை நல்லாப் பூச்சுத்தி விட்டிருக்கிறான்."

"இவனாலை எங்களையும் ஏத்திக்கொண்டு போகப் போறாங்கள்," என்று அம்மா அழுதார். வீட்டுக்கார அன்ரி ஏற்கனவே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டிருந்தார். வவுனியாவுக்குத் திரும்பிப் போ என்று தம்பியிடம் சொல்லவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை, வைத்திருக்கவும் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். வீடு வீடாக ஏறி வந்தார்கள். பதிந்த துண்டு, அடையாள அட்டை, மாமாவின் வேலைக் கடிதம் எல்லாவற்றையும் அப்பா மேசையில் பரப்பி வைத்திருந்தார். அதிகாரி அவற்றைப் பார்த்தார், சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. போகிற போக்கில் பல்கனியை எட்டிப் பார்த்தவர், வலை கட்டிய போத்தல்களைக் கண்டு நின்றுவிட்டார். ஒன்றைத் தூக்கி மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மே மொகத்த?" இது என்ன?

பயத்தில் மாமாவுக்குத் தமிழே வந்திருக்காது, சிங்களம் எங்கே வரப்போகிறது? வாயில் ஊறியிருந்ததுதான் வந்தது.

"ஒயா மொக்கத ஹித்தன்னே?"

நீ என்ன நினைக்கிறாய் என்று, ஒரு பொலிஸ் அதிகாரியைப் பார்த்து! பின்னால் நின்ற இளம் பொலிஸ்காரன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. போத்தலை இன்னும் கிட்டக் கொண்டுவந்து திரும்பவும் கேட்டார்.

"கொஹெந்த ஹம்பவுனே?" என்றார் மாமா. எங்கே கண்டெடுத்தாயாம்!

அப்பா பாய்ந்து விழுந்து தன் நல்ல சிங்களத்தில் ஐயோ மாத்தயா, இவர் விவசாய உத்தியோகத்தர், இது பூச்சி, வெறும் பூச்சி என்று விளக்கத் தொடங்கினார். நேற்றுவரை தானே நம்பாததை அன்றைக்கு அவர் அத்தனை உருக்கமாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மாமாவையும் கொண்டுபோனார்கள், போத்தல்களையும் கொண்டுபோனார்கள். மாமாவுக்குச் செருப்புப் போடக்கூட விடவில்லை.

அவர் எத்தனை நாள் பொலிஸ் காவலில் இருந்தார் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கதைப்பதில்லை. அப்பா தன் சட்டத்தரணியின் காலில் விழாத குறை. கடைசியில் மாமாவின் சிங்கள மேலதிகாரி நேரே போய்ப் பொறுப்பெடுத்த பிறகுதான் வெளியே விட்டார்கள்.

திரும்பி வந்த மாமா மெலிந்திருந்தார். கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருந்தார். ஆனால் அம்மாவுக்கு ஒரு பெரிய ஆறுதல். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால், "ஓம் அக்கா, சோறும் பருப்பும், காலமை பாண்," என்று பதில் வந்தது. "எங்கை போறாய்?" என்றால், எந்தக் கடை, எந்த வழி, எப்போது திரும்புவார் என்பதுவரை வந்தது. ஹொரணைக்கு அவர் பிறகு போகவே இல்லை. "இப்பத்தான் மனுசர் மாதிரிக் கதைக்கிறான்," என்று அம்மா அப்பாவிடம் சொன்னார்.

ஒருநாள் அம்மாவின் கறிவேப்பிலைச் சாடியில் ஒரு சிவப்பு வண்டு இருந்தது. முதுகில் கறுப்புப் புள்ளி. எனக்கு அது என்னவென்று தெரியும். ஆனாலும் விளையாட்டுக்காக, அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய், பொலிஸ்காரனைப்போலக் குரலைத் தடிப்பாக்கி, "இது என்ன?" என்று கேட்டேன்.

மாமா கதிரையை விட்டு எழுந்தார். கையிரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்து நின்றார்.

"பொறிவண்டு. பயிருக்கு ஒரு கெடுதியும் செய்யாது. நான் கொண்டு வரேல்லை. ஆரும் தரவும் இல்லை. இஞ்சை எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது."

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பெரியவர் ஒருவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. என்னையும் ஒரு பெரிய ஆளாக மதித்து, கேட்டவுடனே, கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறாரே என்று அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து திரிந்தேன். அடுத்த நாளும் ஏதாவது ஒரு பூச்சி கிடைக்காதா என்று தேடினேன்.