தேன்கனிக்கோட்டைக் கதவில் என் எழுத்து

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பேய்ப் படத்தைக் காதால் மட்டும் பார்க்கிறவள் நான். முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் கத்தி முடித்ததும் எடுப்பேன். வயது நாற்பத்தெட்டு. அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை பேய்ப் படம் எடுக்கிற இடத்துக்கே போய் வந்தேன்.

எடுப்பது சரவணன். நான் கேன்டீனில் சமைக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். இந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. பேய் வந்து நம் வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிடும். கதவில் "நாளைக்கு வா" என்று எழுதி வைத்தால் படித்துவிட்டுப் போய்விடும். மறுநாளும் வந்து அதையே படித்துவிட்டுப் போகும். என்னைவிடப் படிப்பு கம்மி போலிருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் நான் சொன்ன இந்தக் கதையைத்தான் படமாக்குகிறான். கேமரா என்பது ஒரு செல்போன். நடிகர்கள் அன்றைக்கு ஷிப்ட் இல்லாதவர்கள்.

மத்திகிரியில் காலை 9.10க்குத் தேன்கனிக்கோட்டை பஸ். ஓசூரிலேயே நிரம்பிவிடும், நின்றுகொண்டுதான் போகணும். இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், டிக்கெட் இருபது ரூபாய். அங்கிருந்து ராகிக் காட்டுக்குள் இருக்கும் பழைய வீட்டுக்கு ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். டிரைவர் நாகராஜ் விஷயத்தைக் கேட்டதும் வண்டியை மெதுவாக்கினார்.

"அது கன்னடப் பேய்ங்கக்கா. 'நாளே பா'ன்னு எழுதணும். தமிழ்ல எழுதுனா எப்படிப் படிக்கும்?"

"இங்க வந்து இத்தனை வருசமாச்சு, ரேசன் கார்டே வாங்கியிருக்கும். தமிழ் படிக்காதா?"

சிரித்த சிரிப்பில் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார். நல்ல மனுசன்.

அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், சரவணனைத் தவிர. மறுநாள் அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். கதாநாயகி கதவைப் பார்த்து அலறும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. கதாநாயகி பேக்கிங் பிரிவு ரேகா. அவளுக்குக் கதவைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது.

"யாருமே பயப்பட மாட்டேங்கறாங்கக்கா. நாளைக்குன்னு ஒண்ணு நமக்கு இல்ல," என்றான் சரவணன்.

"என் சாம்பார்ல ஒரு வாய் குடுடா. தன்னால அலறுவா."

அவன் சிரிக்கவில்லை. சாதாரண ஆள் எழுதினது மாதிரி இருக்கணும் என்று கரைத்த சுண்ணாம்பை என் கையில் கொடுத்தான். நாலாவது வரை படித்தவள் நான். இதைக்கூட நான் பேசப் பேச போன்தான் எழுதிக்கொள்கிறது. எந்த "ள" என்று கேட்டுக்கொண்டு, வழவழ நீலக் கதவில் மேலே "நாளைக்கு", கீழே "வா" என்று பெரிசாக எழுதினேன். படத்தில் என் பெயரும் வரும் என்றான். முந்தானை முகத்துக்குப் போனது, இந்தத் தடவை பயத்தில் இல்லை.

காட்டுக்காரர் வீட்டம்மா எல்லாருக்கும் களியும் கீரையும் போட்டார். காசு என்று வாயெடுத்ததற்கே கோபித்துக்கொண்டார். மகராசி, நன்றாக இருக்கணும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், வழியில் கடை இல்லை. யானை இறங்கும் இடம், சொந்த வண்டி இல்லாதவர்கள் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். நான் நாலு மணிக்கே நாகராஜை வரச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் எழுத்தோடு ஒரு போட்டோ வேண்டும் என்று கதவில் நன்றாகச் சாய்ந்து நின்றேன். நாகராஜ் எடுத்துக் கொடுத்தார். அப்படியே ஆட்டோ ஏறிவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை என் முதுகைப் பார்த்தார். புதுப் புடவை, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சரவணன் போன் செய்தான்.

"அக்கா, ஷாட் ஓகே. ரேகா நெசமாவே அலறிட்டா. நாங்களுந்தான். கதவுல 'நாளைக்கு'வக் காணோம்க்கா. வெறும் 'வா'ன்னு மட்டும் இருக்குது. ஒருத்தரும் கிட்டப் போகல, வேன்ல ஏறிட்டோம்."

புடவை மாற்றப் போனேன். முதுகில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கண்ணாடிக்குத் திருப்பிக் காட்டினேன். "நாளைக்கு" என்று நேராகப் படிக்க முடிந்தது. "ள" சரியாகத்தான் இருந்தது. ஊறப் போட்டுவிட்டேன்.