ஏலத்தோட்டத்தில் பிள்ளைகளோடு நடக்க ஒரு வழி

போடியிலிருந்து மலைமேல் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு பல வருடம் ஜீப் ஓட்டினேன். முதுகுவலி தாங்காமல் வண்டியை விட்டபோது, போடிமெட்டில் தங்கும் விடுதி வைத்திருந்த ஜோசப் அண்ணன் கூப்பிட்டு வேலை கொடுத்தார். வரும் விருந்தினர்களை மலையில் நடக்கக் கூட்டிப்போக வேண்டும்.

"முருகேசா, வர்றவங்க பூராம் பிள்ளகுட்டியோட வர்றாங்க. அதுக்குத் தோதா ஒரு வழி பாரு. போயிட்டு வெரசா திரும்புற மாதிரி இருக்கணும்" என்றார்.

டிரைவர் புத்தியோடுதான் வழி தேடினேன். ஏற்றம் அதிகம் கூடாது, ஓடையைத் தாண்டக் கூடாது, முடிவில் ஜீப் திரும்ப இடம் வேண்டும். அப்படி ஒரு தடம் ஏலத்தோட்டத்துக்குள் கிடைத்தது. கடைசியில் ஒரு பாறை. ஏறி நின்றால் கீழே போடி முழுக்கத் தெரியும். தோட்டக்காரரும் சம்மதித்தார்.

முதலில் வந்தது மதுரைக் குடும்பம். கணவன், மனைவி, ஐந்து வயது யாழினி, தாயின் இடுப்பில் கைக்குழந்தை.

ஏலச்செடியின் தோகை ஆளுயரத்துக்கு மேலே நிற்கும். பூவும் காயும் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். பெரியவர்கள் மேலே பார்த்தபடி நடந்தோம். யாழினி செடிக்குச் செடி உட்கார்ந்தாள்.

"அப்பா, பூ தரையில இருக்கு."

"அப்புறம் பாக்கலாம்மா. பாறைக்குப் போனா ஊரே தெரியும், வா."

அந்த நேரத்தில் கைக்குழந்தை வீறிட்டது. காலில் அட்டை ஒட்டியிருந்தது. நான் உப்பை எடுத்துத் தேய்க்க, மூவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது யாழினி இல்லை. மஞ்சு வேறு இறங்கி, நாலடிக்கு மேல் எதுவும் தெரியாதபடி மூடிவிட்டது.

அப்பா மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பயத்தில் கத்துகிறார் என்பது எனக்குப் புரிந்தது. கேட்பவருக்கு அது கோபம் போலத்தான் இருந்திருக்கும். பதில் இல்லை.

என் நினைப்பெல்லாம், செடிகளுக்குப் பாய்ச்சச் சரிவில் வெட்டியிருந்த குளத்தின் மேல்தான். தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கியிருப்பார்கள். உள்ளே விழுந்தால் கரை வழுக்கும், பெரியவர்களே ஏற முடியாது. அங்கேதான் முதலில் ஓடினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது?

"முருகேசண்ணே, இங்கிட்டு வாங்க. பிள்ள இங்கன இருக்கு."

செடிகளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. பாப்பாத்தி. முன்பு என் ஜீப்பில் ஏலக்காய் எடுக்க வந்துகொண்டிருந்தவள். அவள் கூடைக்குப் பக்கத்தில் யாழினி உட்கார்ந்திருந்தாள்.

"சரம் சரமாப் பாத்துக்கிட்டே கொளத்துப் பக்கம் போச்சுண்ணே. பிடிச்சு ஒக்கார வச்சேன். நானும் கூப்பிட்டேன், அவரு கத்துன சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல போல. அப்பா வய்வாருன்னு இது வாயத் தொறக்கல."

காய் எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குந்திய வாக்கில்தான் வேலை செய்வார்கள். மேலே தோகை மறைத்தாலும், அடியில் தண்டுகளுக்கு நடுவே வெகுதூரம் தெரியும். நாங்கள் நின்றுகொண்டு தேடியவளை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கிறாள்.

அப்பா ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மகள் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "எந்தப் பூம்மா?" என்று கேட்டார். அவள் காட்டினாள்.

தாய் பாப்பாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன சொல்றதுன்னே தெரியலக்கா."

"ஒண்ணும் சொல்ல வேணாம் ஆத்தா. கைப்பிள்ளையோட நிக்காத, ஒக்காரு."

பாறைக்குப் போகவில்லை. காய் எடுக்கும் பெண்கள் எல்லாருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா ஊற்றினார்கள். யாழினி தான் பறித்த காயைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். பச்சைப் பிஞ்சுகளையும் சேர்த்துத்தான். யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் ஜோசப் அண்ணனிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நின்றேன். அவர், "குளம் இல்லாத பக்கமா வேற வழி பாரு. நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் இருவரும் போனோம். பத்தடிக்கு ஒருமுறை குந்தி உட்கார்ந்து பார்த்தோம். பிள்ளையின் கண்ணுக்கு எது தெரிகிறது, எது அதை இழுக்கும், இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று. அப்படித்தான் இன்றைய வழி அமைந்தது. அதில் பாறை இல்லை, ஊர் தெரியாது. இதுவரை எந்தப் பிள்ளையும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், பிள்ளைகளுக்கு நல்ல வழி எது என்று என்னிடம் கேட்பதுண்டு. ஏற்றம், தூரம், அட்டை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் எந்தப் பக்கம் காய் எடுப்பு என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கமாகக் கூட்டிப் போங்கள். நம் கண் தப்பிய பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பிடித்து உட்கார வைக்க அங்கே ஆள் இருக்கும்.