மரியரட்ணம் இறந்திருந்த ஊர்

எசன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு இத்தாலிய உணவகத்தில் மரியரட்ணம் கோப்பை கழுவினார். நான் அங்கே மரக்கறி வெட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். வலை இழுத்துக் காய்த்த கை என்பதால் கொதிநீர் தன்னை ஒன்றும் செய்யாது என்று சொல்வார். சொல்லும்போது சத்தமாகச் சிரிப்பார். சமையலறையில் அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்காது.

தொண்ணூற்று நான்கில் ஜெர்மனிக்கு வந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திருப்பி அனுப்பவும் முடியாமல், இருக்கச் சொல்லவும் மனமில்லாமல் அதிகாரிகள் அவருக்கு டுல்டுங் என்ற கடதாசியைக் கொடுத்தார்கள். இந்த ஆளை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள். சில மாதங்களுக்கு ஒருமுறை போய் அந்தப் பொறுமையை நீட்டிக்கொண்டு வரவேண்டும். மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் அதுவும் போய்விடும்.

மனைவி பிளோறன்ஸ் பிரான்சில் இருந்தாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்குப் பிறகு மூன்று வயது மகளையும் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்கு வரத்தான் புறப்பட்டாள். ஏஜென்ட் அவளைப் பாரிஸில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் அவளுக்கு யோசனை சொன்னார். புருஷனை ஆமி சுட்டுவிட்டது என்று சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வார்கள்; புருஷன் ஜெர்மனியில் கோப்பை கழுவுகிறான் என்று சொன்னால் அங்கேயே போ என்பார்கள். அவள் தொலைபேசியில் இவரிடம் கேட்டாள்.

"சொல்லும். வாய் வார்த்தைதானே. நான் என்ன உண்மையா செத்தே போகப்போறன்?" என்று இவர் சிரித்தார்.

அவளுக்கு அகதி அட்டை கிடைத்தது. பிரான்சின் தெற்கே, மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய ஊரில் குடியேற்றினார்கள். அந்த ஊரின் பெயரை மரியரட்ணத்தால் கடைசிவரை சரியாக உச்சரிக்க முடியவில்லை. 'மலை' என்றே சொல்வார். பிளோறன்ஸுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் தொலைபேசி எடுப்பார். எனக்கு விசா கிடைத்ததும் வந்துவிடுவேன் என்பார். முதல் வருடங்களில் அவள் அழுவாள். பிறகு ஓம் என்பாள். பிறகு, வேலைக்கு நேரமாச்சு என்பாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் அவளாகவே அழைத்தாள். "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. போனில ஏலாது. நேரில கதைக்கோணும்."

அன்று முழுவதும் அவர் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தார். மகள் ஜெனிற்றாவுக்கு ஒரு நீலச் சட்டை வாங்கி வந்து எங்கள் எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். அவரிடம் இருந்த படத்தில் பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும். அந்த அளவுக்குத்தான் வாங்கியிருந்தார். பிள்ளைக்கு இப்போது பதினொன்று என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் இருந்த கிருஷ்ணமூர்த்தி ஒவ்வொரு ஆவணியிலும் பிரான்சில் உள்ள லூர்து மாதா கோவிலுக்கு ஆட்களை வேனில் கொண்டுபோவார். அவர் சைவ சமயம்தான், வேனில் பாதிப்பேரும் சைவர்கள்தான். 'மலை' போகிற வழியில் சற்று விலகி இருந்தது. இவரை அங்கே இறக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது ஏற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

"ஆனா அண்ணை, எல்லையில பிடிச்சா உங்களை எனக்குத் தெரியாது. வழியில கை காட்டினவர், ஏத்தினனான் எண்டுதான் சொல்லுவன்."

வேனுக்குள் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. எல்லை வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை.

அந்த வருடத்துக் கோடையை ஐரோப்பாவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயதானவர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்து செத்தார்கள். மலையடிவாரத்தில் மரியரட்ணத்தை இறக்கிவிட்டபோது புல்லெல்லாம் வைக்கோலாகியிருந்தது. வாகனம் மேலே போகாது. கல் பாவிய ஒற்றைப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன. பாதை முடிவில் பழைய மதிலும் ஒரு பெரிய வாசலும். அந்த வாசலின் நிழலில் பிளோறன்ஸும் ஒரு உயரமான பெண்பிள்ளையும் நின்றார்கள்.

இவர் மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போனார்.

பிளோறன்ஸ் ஒரு அடி பின்னால் வைத்தாள். "வாங்கோ அண்ணை" என்றாள். பிறகு பிள்ளையின் தோளைத் தொட்டு, "ஜெனிற்றா, இதுதான் ஜெர்மனி மாமா" என்றாள்.

பிள்ளை முன்னால் வந்து, அந்த நாட்டு வழக்கப்படி அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தது. "பொன்ஜூர் மாமா."

அவர் விரித்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டாராம்.

வீடு சின்னது, சுத்தமானது. சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மரியரட்ணம் இருந்தார். கலியாணப் படத்திலிருந்து தனியாக வெட்டிப் பெருப்பித்த முகம். அடர்ந்த முடி, தடித்த மீசை. கீழே ஒரு சின்ன மெழுகுதிரி எரிந்தது. நிஜ மரியரட்ணத்துக்கு முன்பக்கம் முடி போய்விட்டிருந்தது. மீசையை உணவக முதலாளி எடுக்கச் சொல்லி எடுத்து வருடங்களாகியிருந்தன.

"இது என்ர அப்பா" என்றாள் ஜெனிற்றா. அவளுடைய தமிழில் ரகரமெல்லாம் தொண்டைக்குள் உருண்டது. "ஆமி சுட்டது. நீங்கள் அப்பாவைக் கண்டனீங்களோ மாமா?"

"ஓம்."

"எப்பிடி ஆள்?"

குசினிக்குள் இருந்து பிளோறன்ஸின் குரல் வந்தது. "நல்ல மனுசன் எண்டு நான் உனக்குச் சொன்னனான்தானே. மாமாவைக் கரைச்சல்படுத்தாத. களைச்சு வந்திருக்கிறார்."

நீலச் சட்டை பிள்ளையின் தோளிலேயே ஏறவில்லை. மெர்சி என்று நன்றி சொல்லி மடித்து வைத்தாள்.

மாலையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிளோறன்ஸ் இவரை மதிலோரம் கூட்டிப்போனாள். கீழே திராட்சைத் தோட்டங்கள் காய்ந்து கிடந்தன.

"பிள்ளையிட்டையும் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டார்.

"சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில வாய் தவறி ஒரு சொல்லுச் சொன்னா அட்டையைப் பறிச்சுப்போடுவாங்கள். முதல் அதுக்காகத்தான் சொன்னனான். பிறகு ஊரே வந்து பூசை வைச்சுது. நானும் அழுதன். நடிப்பில்லை. உண்மையாவே அழுதன். உங்களை நான் அழுது முடிச்சிட்டன்."

"எனக்கு விசா வந்தா?"

"எப்ப?"

அவர் மதிலோரத்துக் காய்ந்த புல்லைப் பிடுங்கினார்.

"இஞ்ச ஒருத்தர் இருக்கிறார். லூசியன். பழைய மதில்களைத் திருத்திக் கட்டிற மேசன். நல்லவர். பிள்ளையிலயும் பட்சம். பங்குனியில கோவிலில கலியாணம் செய்யக் கேக்கிறார். நான் கைம்பெண், தடையொண்டும் இல்லை எண்டு பாதர் சொல்லிப்போட்டார்."

"நான் உயிரோட நிக்கிறன், பிளோறன்ஸ்."

"எங்க நிக்கிறியள்? ஒரு கடதாசியில நிக்கிறியள். அதுவும் அடுத்த மாசம் வரைக்கும்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "இந்தக் கிழமை எங்கட இல்லத்தில நாலு பேர் வெக்கையில செத்தவை. நான்தான் கழுவி மூடினனான். ஒருத்தற்ற பிள்ளையளும் விடுமுறையை விட்டிட்டு வரேல்லை. எனக்குச் செத்தவையோட மினக்கெட இனி நேரமில்லை."

"நான் இப்ப போய் உந்தப் பாதரிட்டச் சொன்னா என்ன செய்வீர்?"

"சொல்லுங்கோ. முதல் உங்களைப் பிடிப்பாங்கள். பிறகு என்னை. பிள்ளையும் உங்களோட கொழும்பு எயார்போட்டில வந்து இறங்கட்டும். அதுதான் உங்கட ஆசையெண்டா போங்கோ, கோவில் திறந்துதான் கிடக்கு."

அவர் போகவில்லை.

அடுத்த நாள் லூசியன் வந்தான். பெரிய கைகளும் வெட்கச் சிரிப்பும் உள்ள மனிதன். மைத்துனராகப் போகிறவருக்குத் தன் ஊரைக் காட்டவேண்டும் என்று வெயிலில் ஏற்றி இறக்கினான். எந்தக் கல்லைத் தான் திருப்பி வைத்தான், எது எழுநூறு வருடத்துக்கு முந்தையது என்று தட்டித் தட்டிக் காட்டினான். பெரிய வாசலருகே நின்று நீளமாக ஏதோ சொன்னான். ஜெனிற்றா மொழிபெயர்த்தாள். "முந்தி எதிரியள் வந்து ஊரைச் சுத்தி நிண்டவையாம். சாப்பாடு காணேல்லை. அப்ப வேலை செய்ய ஏலாத ஆக்களை வெளியில விட்டிட்டு இந்தக் கதவைப் பூட்டினவையாம்." அவளுக்கு அது பாடப்புத்தகத்துக் கதை. சொல்லிவிட்டு அடுத்த படிக்குத் தாவினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் லூசியன் எழுந்து நின்றான். சட்டையைச் சரிசெய்தான். பிளோறன்ஸின் குடும்பத்தில் மூத்தவர் இவர்தான் என்பதால் முறைப்படி கேட்க விரும்புவதாக அவன் சொன்னதை, நாற்காலியின் பின்னால் நின்று ஜெனிற்றா சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"மாமா, இவர் கேக்கிறார், அம்மாவைக் கலியாணம் செய்யட்டோ எண்டு. நீங்கள் ஓம் எண்டாத்தான் செய்வாராம்."

மெழுகுதிரிக்குப் பின்னால் மீசைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். பிளோறன்ஸ் கோப்பைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா?"

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை."

பிள்ளை சொன்னது. லூசியன் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். கண்ணீர் விட்டவன் அவன்தான்.

வேன் வந்தபோது ஆட்கள் லூர்துத் தண்ணீர்ப் போத்தல்களோடு இருந்தார்கள். வேனில் வந்திருந்த புஷ்பா அக்கா கொஞ்சம் தண்ணீரை எடுத்து அவர் நெற்றியில் தொட்டுவிட்டு, "மனிசி பிள்ளை சுகமோ அண்ணை? ஒரு படம் எடுத்துக்கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டார். அவர் சிரிக்காததைக் கவனித்துவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எசனில் இறங்குவதற்குள், மனைவி இவரைத் துரத்திவிட்டாள் என்று வேன் முழுவதற்கும் ஒரு கதை தயாராகியிருந்தது. ஒரு கிழமைக்குள் அது எங்கள் சமையலறைக்கும் வந்துவிட்டது. பீட்சா போடுகிற பெடியன்கள் அவரைக் கேலியாக 'மாப்பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிடுவார்கள். நான் கேட்டபோதுதான், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, இதையெல்லாம் அவர் சொன்னார்.

இரண்டாயிரத்து எட்டில் அவருக்கு விசா கிடைத்தது. நீண்ட காலம் டுல்டுங்கில் கிடந்தவர்களுக்கு ஒரு புதிய சட்டம் வந்திருந்தது. குடும்பம் உண்டா என்று அலுவலகத்துப் பெண் கேட்டதற்கு, இல்லை என்றாராம். அவள் சந்தோஷமாக, அப்படியானால் விஷயம் சுலபம் என்றாளாம்.

அதே வருடம் மார்கழியில் ஜெனிற்றா உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். தாயோடு ஏதோ பெரிய சண்டை. கோபத்தில் பிளோறன்ஸ் உண்மையைச் சொல்லிவிட்டாள். பெயரைக் கேட்டதும் இவர் கை ஈரத்தைத் துடைக்காமலே தொலைபேசியைக் காதில் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"நீங்கள் ஏன் அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்?"

"பிள்ளை..."

"நான்தானே கேட்டனான். என்ர வாயால. நீங்கள் தெரிஞ்சுகொண்டு என்னைச் சொல்ல விட்டனீங்கள். அம்மா பயத்தில செய்தவ. நீங்கள் ஏன்?"

"உனக்காகத்தான் பிள்ளை."

"எனக்காகவெண்டா இல்லையெண்டு சொல்லியிருக்கோணும்" என்றாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டாள். அவர் திருப்பி எடுத்த ஒவ்வொரு முறையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு அந்த இலக்கமே பாவனையில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது.

அடுத்த கோடையில் அவர் லீவு கேட்டு, ரயிலில் பாரிஸ் வரை போனார். பையில் முறையான விசா இருந்தது. தெற்கே போகிற ரயில் நின்ற மேடைக்குப் போய், பெட்டிக் கதவுகள் மூடுவதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் எசனுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் காலை எனக்கு முன்னாலேயே சமையலறையில் நின்றார். கையுறை போடாமல், கொதிநீரில் பெரிய பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போய்? எந்த முறை சொல்லிக் கதவைத் தட்டுறது?" என்றார். பிறகு அடுத்த பானையை எடுத்தார்.